மூன்று கோடைகள் எறிந்த அத்திக்காய்

எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான் தமிழச்சி என்றிருந்த காலம் எனக்குப் பொற்காலம். வாசலில் காவல் நிற்கிற இளைஞனிலிருந்து சமையற்கட்டு வரைக்கும் எல்லோருக்கும் என்னைத் தெரியும். 'இலங்கை அம்மாவிடம் கேளுங்கள்' என்றால் அது என்னிடம்தான். பிறகு ஒரு செப்டெம்பரில் இரண்டாவது தமிழச்சி வந்து சேர்ந்தாள். அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அணையவில்லை.

அது யூதப் பிள்ளைகள் படிக்கும் மத்தர்னெல். மூன்று வயதில் வந்து ஆறு வயதில் பெரிய பள்ளிக்குப் போகிற பிள்ளைகளின் பாலர் பள்ளி. பாரிசின் லா சப்பலில் இருக்கும் என் வீட்டிலிருந்து மெத்ரோ ரயில் பாலத்துக்குக் கீழே காலாற நடந்து போய்விடலாம். நான் அங்கே வகுப்பு உதவியாளர். மூக்குத் துடைப்பது, சப்பாத்து மாட்டிவிடுவது, கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, வர்ணம் தீட்டிய தூரிகைகளைக் கழுவுவது, மத்தியானத் தூக்கத்துக்குப் படுக்கை விரிப்பது என் வேலை. பாடம் நடத்துகிறவர் மெத்ரெஸ். ஆசிரியையைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். உதவியாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். என் பெயர் அந்தச் சின்ன வாய்களுக்கு நீளம் என்பதால் முன்பாதியை விழுங்கிவிட்டு மிச்சத்தால் கூப்பிடுவார்கள்.

அந்த 'மெத்ரெஸ்' என்ற சொல்லின்மேல் எனக்கு வெகுகாலமாக ஒரு கண். என் மகன் மூன்று வயதில் மத்தர்னெலுக்குப் போன காலத்தில் நான் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். அவன் எழும்ப முதல் நான் வேலைக்குப் போய்விடுவேன். ஒருமுறை அவனுக்குக் கடும் காய்ச்சல். வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்து நெற்றிக்கு ஈரத்துணி போட்டேன். அவன் கண்ணைத் திறக்காமலே "மெத்ரெஸ், மெத்ரெஸ்" என்று அனுங்கினான். ஒருதரமாவது 'அம்மா' என்று வரவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆசிரியையை வாசலில் கண்டால் நான் வணக்கம் சொல்வதில்லை. அவள் பாவம், என்ன பிழை செய்தாள்? மகன் இப்போது தாடி வைத்த ஆம்பிளை. இந்தக் கதையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பள்ளியின் அதிபர் துனிசியாவில் பிறந்து சின்ன வயதில் பாரிசுக்கு வந்த அம்மா. நல்ல மனம், உரத்த குரல். ஒரு குளிர்காலம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "முற்றத்தில் நாலு மரப்பெட்டி வைத்து மண் நிரப்பப் போகிறோம். உங்கள் நாடு முழுக்கப் பச்சைதானே, தோட்டம் உங்கள் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை காலை உங்களுடையது" என்றார்.

நான் யாழ்ப்பாணம் டவுனில் பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால் வளர்ந்தவள். அப்பா சைக்கிள் திருத்துகிறவர். எங்கள் வளவில் பழைய ரயர்களும் துருப்பிடித்த ரிம்களும்தான் குவிந்து கிடந்தன. பச்சைமிளகாய் எந்தப் பக்கத்தால் முளைக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் வலிய வந்த சீதேவியைக் காலால் உதைப்பேனா? "வுய்" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

முதல் செவ்வாய்க்கிழமை முள்ளங்கி விதைத்தோம். பிள்ளைகள் விதை முழுவதையும் ஒரே குழிக்குள் கொட்டி, மண்ணை மூடி, மேலே ஏறி நின்று மிதித்தார்கள். அப்படிச் செய்வது சரியோ பிழையோ என்று எனக்கும் தெரியாததால் நானும் சேர்ந்து மிதித்தேன். ஆனாலும் அது முளைத்தது. மாலை நேரத்துக் கார் து நோர் ரயில் நிலையம் மாதிரி ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு வந்தது. அதைக் கண்ட ஒரு குட்டிப் பையன், தலையில் இருந்த கிப்பாத் தொப்பி கழன்று விழ, முற்றத்தின் மறுபக்கத்திலிருந்து ஓடிவந்தான்.

"மெத்ரெஸ்! மெத்ரெஸ்! வந்துவிட்டது!"

நான் திரும்பிப் பார்த்தேன். ஆசிரியை உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். முற்றத்தில் என்னைத் தவிர வேறு பெரியவர் இல்லை. அவன் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறான். அவனைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்கள். யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை காலையில் நான் மெத்ரெஸ். மணியடித்து உள்ளே போய்க் கை கழுவியதும் திரும்பவும் பாதிப் பெயர்.

எங்களுக்குப் பொங்கல் முடிந்து சில கிழமைகளில் அவர்களுக்கு மரங்களின் புத்தாண்டு வரும். உலர்ந்த பழங்களைத் தட்டுகளில் பரப்பிவைத்துப் பாட்டுப் பாடுவார்கள். அடுத்த வருடம் ஒரு பிள்ளையின் தகப்பன் அத்திக்கன்று ஒன்றைக் கொண்டுவந்தார். முற்றத்து மதிலோரம் தார்த்தரையை உடைத்துக் குழி தோண்டி, மூன்று வயதுப் பிள்ளைகள் ஆளுக்கொரு கைப்பிடி மண் போட, நான் நட்டேன். அப்போதுதான் அதிபர் அந்தச் சட்டத்தைச் சொன்னார். நட்ட மரத்தின் பழத்தை முதல் மூன்று வருடம் யாரும் தின்னக்கூடாது. விற்கக்கூடாது, மற்றவர்களுக்குக் கொடுக்கவும் கூடாது. காய்த்தால் சின்னதாக இருக்கும்போதே பறித்துச் சுற்றி எறிந்துவிட வேண்டும். அவர்களுடைய வேதத்தில் அப்படி இருக்கிறதாம்.

எனக்கு மனம் கேட்கவில்லை. முதற்காயை யாராவது குப்பையில் போடுவார்களா? "நாங்கள் தின்னவில்லை, சரி. எங்கள் பிள்ளையாருக்கு ஒன்று கொண்டுபோய் வைக்கலாமா?" என்று கேட்டேன். அதிபர் கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். "உங்கள் கடவுளும் கொஞ்சம் காத்திருக்கட்டும், செல்லமே" என்றார்.

அந்த வருடம் வந்த பிள்ளைகளில் ஒருத்தி ஓயாமல் அழுவாள். காலையில் தாயின் கையை விட்டதும் தொடங்கினால், மத்தியானச் சாப்பாடுவரைக்கும் ஓயாது. ஆசிரியை தூக்கினால் இன்னும் கூடும். நான் என் குளிர்க் கோட்டைத் திறந்து அவளை உள்ளே விட்டுப் பொத்தானைப் போட்டுவிடுவேன். கோட்டுக்குள்ளேயிருந்து விம்மல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். இரண்டு பேருமாக நாலு காலோடு முற்றத்தில் நடந்து திரிவோம். மற்றப் பிள்ளைகளெல்லாம் எனக்கு ஒன்றுதான் என்று சொன்னால் அது பொய். அவள் எனக்கு வேறு.

முதல் கோடையிலேயே அந்தக் கன்றில் மூன்று நாலு காய் வந்துவிட்டது. நான் பறிக்க, பிள்ளைகள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அத்திக்காயைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும் என்பதும், அது பட்டால் தோல் எரியும் என்பதும் எனக்குத் தெரியாது. கை இரண்டும் சிவந்து தடித்துப்போயிற்று. நான் கையைச் சொறிந்துகொண்டு நிற்க, அவள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எறியவேண்டாம் என்று அழத் தொடங்கினாள். நான் முழங்காலில் இருந்து அவளுடைய காதுக்குள் சொன்னேன்:

"தின்னலாம் என்று ஆகிற வருடம் முதல் பழம் உனக்குத்தான். நான் என் கையால் தருவேன்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டுப் பையைத் தந்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் நான் கொடுத்த ஒரே வாக்கு அது. அந்த முதல் பழத்துக்காகத்தான் நான் அடுத்த கோடையும், அதற்கடுத்த கோடையும் கை எரிய எரியக் காய் பறித்தேன். அவள் பெரிய பள்ளிக்குப் போனபின்தான் அது தின்னும் பழமாகும் என்பதையும் கணக்குப் பார்த்து வைத்திருந்தேன். பெரிய பள்ளி எங்கேயும் தூரத்தில் இல்லை. எங்கள் முற்றத்துக்குப் பக்கத்தில், கம்பி வேலிக்கு அந்தப்புறம்தான்.

இரண்டாம் கோடை முடிந்து பள்ளி திறந்தபோது மற்றவள் வந்தாள்.

இருபத்தைந்து வயதிருக்கும். பாரிசுக்கு வெளியே சார்செல் மாடிக்குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். பிரெஞ்சு தண்ணீர் மாதிரி ஓடும். தமிழும் பேசுவாள், சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழ். சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலைக்கென்று படித்துச் சான்றிதழ் எடுத்திருந்தாள். முதல் நாளே என்னிடம் வந்து, "வணக்கம் அன்ரி, நீங்கள் இஞ்சை இருக்கிறீங்கள் எண்டு கேள்விப்பட்டதும் எனக்குச் சரியான சந்தோசம்" என்றாள்.

எனக்கு ஒரு சந்தோசமும் இல்லை. அந்த 'அன்ரி' முதலில் குத்தியது. என் வயதுக்கு நான் அவளுக்கு அன்ரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வந்த முதல் நாளே, எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டுமா?

அதைவிட மோசமானது வேறொன்று. அவர்கள் சமையலில் பாலும் இறைச்சியும் சேரக்கூடாது; பால் சட்டி எது, இறைச்சிச் சட்டி எது, எந்தப் பஞ்சால் எதைக் கழுவலாம், எந்தப் பண்டிகைக்கு முன்னால் அலுமாரிக்குள் இருக்கும் பாண் துகளையெல்லாம் துடைக்க வேண்டும் என்று படிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. தொடக்கத்தில் ஒருநாள், வெளி இறைச்சி உள்ளே வரக்கூடாது என்று தெரியாமல் மட்டன் றோல்சைக் கைப்பையில் கொண்டுபோய், அதிபரிடம் மன்னிப்புக் கேட்டுத் தெருவில் நின்று தின்றவள் நான். இவளுக்கு எல்லாம் பிறந்ததிலிருந்தே தெரியும்.

"எங்கடை பக்கத்து வீடு யூதக் குடும்பம் அன்ரி. வெள்ளிக்கிழமை பின்னேரம் பொழுதுபட்டா அவைக்கு ஓய்வுநாள், ஒரு சுவிச்சும் தொடமாட்டினம். லிப்ட் பொத்தான் அமத்திக் குடுக்கிறது நான்தான். அந்த அன்ரி எனக்குப் பின்னல் பாண் தருவா."

அதிபர் இதைக் கேட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். என்னை அவர் கட்டிப்பிடிக்க எத்தனை வருடம் எடுத்தார் என்று நான் யோசித்துப் பார்த்தேன். இன்னும் கட்டிப்பிடிக்கவில்லை.

பிறகு குழப்பம் தொடங்கியது. ஐந்து வருடமாக என்னைத் தெரிந்த ஒரு தாய் வாசலில் மறித்து, "நீங்கள் நேற்றுச் சொன்ன நரிக்கதையை என் மகன் இரவு முழுக்கச் சொன்னான், நன்றி" என்றார். கதை சொன்னவள் அவள். இன்னொரு தகப்பன் என் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டார். என் தலை பாதி நரை. அவள் தலையில் ஒரு நரையும் இல்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிக் கத்தினேன். உணவகத்துச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து காலை நீட்டியிருந்த என் மனுசன் சிரித்தார்.

"இருபத்தஞ்சு வயசுப் பெட்டை எண்டு நினைக்கினம் எண்டால் நீர் சந்தோசப்பட வேணுமப்பா."

அன்றைக்கு அவருக்குச் சோற்றோடு சம்பல் வைக்கவில்லை.

அவள் காலையில் கார் து நோரில் இறங்கி, ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெரு வழியாக என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வருவாள். "அன்ரி, ஒண்டாப் போவமா?" என்று ரெலிபோனில் கேட்பாள். நான் வேண்டுமென்றே முன்னதாகப் புறப்பட்டுப் போய்விடுவேன். மழை நாளென்றாலும் போவேன். அவளோடு நடந்தால் அவள் நல்லவள் என்று எனக்குப் பிடிபட்டுவிடும் என்ற பயம்.

அந்த வருடம் செவ்வாய்க்கிழமைகளில் அவளும் தோட்டத்துக்கு வந்தாள், எனக்கு உதவியாக. விதையை இவ்வளவு ஆழத்தில் போட வேண்டும் என்று விரலில் அளந்து காட்டினாள். பிள்ளைகள் விரலை நீட்டிக்கொண்டு அவளைச் சுற்றி நின்றார்கள். என்னைச் சுற்றி என்னுடைய அழுகைக்காரி மட்டும் நின்றாள். அவளும் இப்போது அழுவதில்லை, ஐந்து வயதுக்காரி. அடுத்த செவ்வாய் அவளும் அந்தப் பக்கம் போய் விரலை நீட்டினாள். நான் தண்ணீர்ப் பூவாளியை எடுத்து, தேவையில்லாத இடத்துக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினேன்.

மூன்றாம் கோடை மரம் என் தோள் உயரம் வந்து காய் நிறையப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் பறித்து எறிந்தேன். கையுறை போட்டுப் பறித்தும் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எறிந்து முடித்த கிழமையில் அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த வருடத்திலிருந்து தோட்டத்தைச் சின்னவளிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அவளிடம் சான்றிதழும் இருக்கிறது. உங்களுக்கும் நல்லது. முதுகு வலி என்று சொன்னீர்களே, இனிக் குனியத் தேவையில்லை."

முதுகு வலி என்று நான் சொன்னது உண்மை. மத்தியானத்தில் கட்டில் தூக்குவதைக் கொஞ்சம் குறைப்பார்கள் என்று நினைத்துச் சொன்னேன். கட்டில் இன்னும் நான்தான் தூக்குகிறேன். தோட்டம் போய்விட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் முதுகால் கெட்டேன்.

"இன்னும் ஒரு வருடம் தாருங்கள், அந்த அத்திப்பழம் வரும்வரைக்கும்" என்று கேட்டிருக்கலாம். பிரெஞ்சு வசனம்கூட வாய்க்குள் வந்தது. ஆனால் கேட்டால் ஏன் என்று கேட்பார், ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் எனக்கு அழுகை வரும். அதனால் "நல்லது, மதாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நடைபாதையில் அவள் காத்து நின்றாள்.

"அன்ரி, நான் வேண்டாம் எண்டுதான் சொன்னனான். அன்ரியின்ரை தோட்டம் எண்டு சொன்னனான்."

"உமக்கென்ன, நீர் செய்யும்" என்றேன். அவள் வேண்டாம் என்று சொன்னது எனக்கு இன்னும் கோபத்தைக் கூட்டியது. நான் ஏங்கிக் கிடக்கிற பொருளை அவள் வேண்டாமென்று தள்ளியிருக்கிறாள்.

என் மனுசன் இந்த முறை சிரிக்கவில்லை. தேத்தண்ணியை ஊதிக்கொண்டு, "காத்திருந்தவன் பெண்சாதியை நேற்று வந்தவன் கொண்டு போனானாம்" என்றார். கொஞ்ச நேரத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடும். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு. அதுக்கு ஏன் இந்தப் பாடு?" என்று ஆறுதலும் சொன்னார். புழு என்றதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஒரு வருடம் நான் தோட்டத்தைக் கழிப்பறைச் சன்னலால் பார்த்தேன். பிள்ளைகளின் கழிப்பறையில் உயரத்தில் ஒரு சின்னச் சன்னல் இருக்கிறது. கை துடைக்கும் கடதாசிப் பெட்டியை நகர்த்தி அதன்மேல் ஏறினால் அத்திமரம் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் அங்கேயிருந்து "மெத்ரெஸ், மெத்ரெஸ்" என்று கேட்கும். அவளும் என்னைப் போல உதவியாளர்தான். அந்தச் சொல் மண்ணோடு சேர்ந்தது, மண்ணை யார் வைத்திருக்கிறார்களோ அவர்களுக்குப் போகிறது என்று அப்போது விளங்கியது. விளங்கினால் எரிச்சல் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை.

வசந்தத்தில் மரத்தின் ஒரு கிளையில் கண் வரைந்த நீலமணி ஒன்று தொங்கியது. யார் கட்டியது என்று கேட்டேன்.

"நான்தான் அன்ரி. மரம் நல்ல வடிவா வருது. எங்கடை அம்மா நாவூறு எண்டு சொல்லுவா, இவையும் அதைத்தான் சொல்லுகினம். ஒருதற்றை கண்ணும் படக்கூடாது எண்டு கட்டினனான்."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, சரிதான். ஆனால் யூதப் பள்ளி என்பதால் வாசலில் காவல், உயர்ந்த மதில், தெருவில் துவக்கோடு நடக்கிற இராணுவம், இத்தனையையும் தாண்டி வந்து இந்த மரத்தில் கண் வைக்கப்போவது யார்? என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அவள் அதை நினைத்துக் கட்டவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முற்றத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த மணி என்னையே பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கண்ணுக்குக்கூட அங்கே வலு இல்லை என்று அதற்கும் ஒருநாள் மனம் வெந்தது.

என்னுடைய அழுகைக்காரி இப்போது வேலிக்கு அந்தப்புறம், பெரிய பள்ளியில் முதலாம் வகுப்பு. செப்டெம்பரில் வேலியோரம் வந்து எனக்குக் கை காட்டினாள். ஒக்ரோபரில் ஓடுகிற ஓட்டத்தில் காட்டினாள். நத்தாருக்குப் பிறகு அவளுக்குக் கூட்டாளிகள் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் அப்படித்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் மற்றவர்களுக்குச் சொல்வேன். ஆனால் அவள் வாக்கை மறக்கமாட்டாள் என்று மட்டும் நம்பியிருந்தேன். பழம் பழுத்ததும் தோட்டம் யாருடையதாக இருந்தாலும் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போவதென்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் கேட்கப்போவதில்லை.

இந்தக் கோடை, பள்ளி மூடும் கடைசிக் கிழமை, அத்தி பழுத்தது. ஐந்தாறு பழம், ஊதா நிறத்தில், காம்பு தளர்ந்து தொங்கியது. மற்றதெல்லாம் இன்னும் பச்சை. மற்றவள் பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்துப் பறித்தாள். பழுத்த பழத்தில் பால் வடியாது. அவளுடைய கை சிவக்கவில்லை. எனக்குச் சொறி, அவளுக்குப் பழம் என்று நினைத்துக்கொண்டு, மூத்திரம் போன ஒரு பையனின் ஈரக் காற்சட்டையோடு கதவடியில் நின்றேன்.

பூச்சி இருந்தால் அவர்கள் தின்னமாட்டார்கள். ஆகையால் ஒவ்வொரு பழத்தையும் இரண்டாகப் பிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அதிபர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பழத்தைப் பிட்டார். ஒரு புழுவாவது இருக்கக்கூடாதா என்று நான் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். உள்ளே செக்கச்செவேலென்று சுத்தமாக இருந்தது. அதிபர் பழத்தை உயர்த்திப் பிடித்தார். இந்தக் காலம்வரைக்கும் எங்களை உயிரோடு வைத்திருந்து கொண்டுவந்து சேர்த்தவருக்கு நன்றி என்று, புதுப்பழத்துக்குச் சொல்லும் மந்திரத்தைச் சொன்னார். பிள்ளைகள் எல்லாம் "ஆமேன்" என்று கத்தின. பெரிய பள்ளியில் இடைவேளை மணி அடித்தது.

"மெத்ரெஸ்!"

குரல் வேலிப்பக்கமிருந்து வந்தது. எனக்கு அந்தக் குரல் தெரியும், கோட்டுக்குள்ளேயிருந்து கேட்ட குரல். நான் திரும்பினேன். மற்றவளும் திரும்பினாள். என்னுடைய பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பல் விழுந்து உயரமாகியிருந்தாள். அவள் பார்த்தது என்னை அல்ல.

"நீ எனக்குத் தருவேன் என்று சொன்னாயே. முதல் பழம். மறந்துவிட்டாயா?"

மற்றவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நானா?" என்றாள்.

"நீதான். நான் குட்டியாக இருக்கும்போது அழுவேன், நீ என்னைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் போடுவாய். காயை எறிந்தபோது என் காதுக்குள் சொன்னாய். உன் கை எல்லாம் சிவப்பாக இருந்தது."

ஒன்றையும் மறக்கவில்லை பிள்ளை. கோட்டு, பொத்தான், காது, சிவந்த கை எல்லாம் அப்படியே இருந்தன. ஆளை மட்டும் மாற்றிவிட்டாள். என் ஐந்து விரலின் தடிப்பையும் கொண்டுபோய் அவளுடைய கையில் ஒட்டிவிட்டாள்.

மற்றவள் கெட்டிக்காரி. என் முகத்தைப் பார்த்தாள், உடனே பிடிபட்டுவிட்டது. "அது நான் இல்லை, செல்லம். அது இவர்" என்று என்னைக் காட்டினாள்.

பிள்ளை என்னை நன்றாகப் பார்த்தாள். முன்பின் தெரியாத பெரியவர்களைப் பார்க்கும் மரியாதையோடு பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்லை. நீதான்."

மற்றவள் பிட்ட பழத்தின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். "அன்ரி, இந்தாங்கோ. நீங்களே குடுங்கோ" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். கை முந்திவிட்டது. ஈரக் காற்சட்டையைப் பிள்ளைகள் இருக்கும் வாங்கில் போட்டுவிட்டு, கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, பழத்தை ஏந்தியபடி வேலிவரைக்கும் நடந்தேன். மூன்று கோடையும் நான் நினைத்து வைத்திருந்த நடை அது.

பிள்ளை கம்பி இடைவெளியால் கையை நீட்டி வாங்கி முழுதாக வாய்க்குள் போட்டாள். சாறு நாடியில் வடிந்தது. நான் விரலை விட்டுத் துடைத்துவிட்டேன். அவள் என் தோளுக்கு மேலால் மற்றவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"மெர்சி, மெத்ரெஸ்."

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றவள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்களுக்குத்தான் சொன்னவள் அன்ரி."

"ஓம்" என்றேன்.

பிள்ளையின் கண் எங்கே இருந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்காக மற்றவள் பொய் சொன்னாள். நல்ல பிள்ளை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நான் எவ்வளவு சுகமாக வெறுத்திருப்பேன்.

மிச்சப் பாதியை அவள் எனக்கு நீட்டினாள். பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றதால் வாங்கித் தின்றேன். சீச்சீ, புளிக்கும் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இனித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, வாங்கில் கிடந்த ஈரக் காற்சட்டையை எடுத்துக்கொண்டு அலசப் போனேன்.